மாலுமி அண்ணைக்குக் கிடைத்த ஜன்னலில்லா அறை

உலகத்தாரைக் கப்பல் ஏறியவர்கள், ஏறாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்தால், இரண்டு கட்சிக்காரர்களும் வரிசையில் நின்று யோசனை கேட்ட ஒரே மனிதர், லண்டனில், டூட்டிங்கில் திரைச்சீலைக் கடை வைத்திருந்த மாலுமி அண்ணைதான். சொகுசுக் கப்பலில் எந்த அறை நல்ல அறை, எந்த அறையில் தூக்கம் வராது, எந்த அறைக்குள் போனால் புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை நின்றுபோகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கப்பலில் மட்டும் அவர் ஏறியதில்லை. ஒருமுறை கிரீனிச்சுக்குப் படகில் போகலாம் என்று கூப்பிட்டோம். "உதில கபின் இல்லையே தம்பி, எதைப் பாத்துத் தெரிவு செய்யிறது?" என்று கேட்டுவிட்டு, தனியாக பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கடைப் பலகையில் இருந்தது அவர் மகளின் பெயர். யாழ்ப்பாணத்துக்காரர்கள் மூத்தவரை 'அண்ணை' என்பார்கள். மதுரைக்காரனான நான் 'அண்ணே' என்பேன். 'மாலுமி'யை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னோம்.

நான் அவரை முதலில் சந்தித்தது நோர்பரியில், எங்கள் வீட்டுப் படுக்கையறையில். ஜன்னலுக்கு அளவெடுக்க வந்தவர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். சுவரில் காது வைத்துக் கேட்டார். பிறகு கேட்டார்:

"நீங்கள் ரெண்டு பேரும் எந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கிறனீங்கள்?"

என் மனைவி ரேவதி என்னைப் பார்த்தாள். 'யாரை வீட்டுக்குள்ள விட்டிருக்கீங்க?' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

"இது கப்பலா இருந்தா நான் இந்த அறையை எடுக்கமாட்டன் பிள்ளை," என்றார் அவர். "கீழ வோஷிங் மெஷின். பக்கத்தில பாத்ரூம். மேல தண்ணித் தொட்டி. மூண்டு பக்கத்தாலயும் சத்தம். பின்னறைக்குப் போங்கோ."

"கர்ட்டன் இந்த ரூமுக்குத்தானே கேட்டோம்?"

"கர்ட்டன் பிறகு. முதல் நித்திரை."

அந்த வாரமே கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினோம். உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் தூங்கினோம். ஆனால் பின்னறையில் ஏற்கெனவே திரைச்சீலை இருந்ததால், அவருக்கு வியாபாரம் நடக்கவில்லை. அவர் கடை நடத்திய விதம் அது.

இந்தக் கப்பல் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், யாருக்கோ வந்த கப்பல் நிறுவன விளம்பரப் புத்தகத்தைத் தபால்காரர் தவறுதலாக இவருடைய கடைக்குள் போட்டுவிட்டுப் போனார். அதன் கடைசிப் பக்கங்களில், கப்பலின் ஒவ்வொரு தளத்திலும் எந்த எண் அறை எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் இருந்தது. மற்றவர்கள் கடலையும் மலையையும் பார்க்கும் புத்தகத்தில் அவர் அந்த வரைபடத்தைப் பார்த்தார். அதிலேயே விழுந்துவிட்டார். அதன்பிறகு துணி வெட்டுகிற மேசையில் துணி விரிந்த நேரத்தைவிடக் கப்பல் விரிந்த நேரம்தான் அதிகம்.

யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு அவர் துணியை வைத்தே பாடம் எடுப்பார். வெளிச்சம் புகாத கறுப்புத் துணியை எடுத்துப் போடுவார். "இது இன்சைட் கபின். ஜன்னல் இல்லை. விடிஞ்சதோ இருண்டதோ தெரியாது. நல்ல நித்திரைக்காரருக்கு மட்டும்." அடுத்து வலைத்துணி. "இது ஜன்னல் கபின். கடல் தெரியும். காத்து வராது. திறக்கேலாது." பிறகு இரண்டு பாகமாக விலகும் சீலை. "இது பால்கனி. கதவைத் திறந்தா கடல். ஆனா முன்னுக்கு உயிர்காப்புப் படகு தொங்குதோ எண்டு பாக்கவேணும். இல்லையெண்டா போற வழியெல்லாம் படகின்ர வயித்தைத்தான் பாத்துக்கொண்டு போகவேணும்." கடைசியில் வெல்வெட்டைத் தடவிக் காட்டுவார். "இது சூட். வரவேற்பறையோட பெரிய இடம். உள்ளுக்கையே இருந்து அனுபவிக்கப் பாப்பீங்கள், கப்பலையே பாக்கமாட்டீங்கள். எனக்கு விருப்பமில்லை."

அவருக்கு விருப்பமில்லை என்றால் விற்காமல் விடலாம். ஆனால் அவர் கப்பல் டிக்கெட்டே விற்கவில்லை என்பதை நீங்கள் மறக்கக்கூடாது. எல்லாம் இலவசச் சேவை.

ஒருநாள் நான் கடையில் இருக்கும்போது ஒரு டாக்டர் தம்பதி வந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்கள். மாலுமி அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார்: "உங்களில குறட்டை ஆர்?"

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் காட்டினார்கள்.

"அப்ப இன்சைட் சரிவராது. விடிஞ்சது தெரியாமல் குற்றம் சொல்லிக்கொண்டே கிடப்பீங்கள். உங்களுக்கு மேல் தளம். நீச்சல் குளத்துக்கு நேர கீழ. ஒரு படி ஏறினா குளிக்கலாம்."

போனார்கள், வந்தார்கள். திரும்பி வந்த டாக்டர் நேராகக் கடைக்குத்தான் வந்தார். முகம் சிவந்திருந்தது, வெயிலால் மட்டும் அல்ல. சூரியன் எழுவதற்கு முன்பே நீச்சல் குளத்தைச் சுற்றி நாற்காலிகளை இழுத்துப் போடுகிறார்களாம். தலைக்கு மேலே கர்ர், கர்ர் என்று தினமும் அதே சத்தம். "குறட்டையே தேவலாம்னு ஆயிடுச்சு சார்!" என்று கத்தினார்.

மாலுமி அண்ணை கொஞ்சமும் கலங்கவில்லை. பென்சிலை எடுத்தார். "பிளாஸ்டிக் கதிரையோ, இரும்புக் கதிரையோ?"

"இரும்பு."

"ஒவ்வொண்டா இழுக்கிறாங்களோ, அடுக்கி வச்சு இழுக்கிறாங்களோ?"

"அடுக்கி வச்சு."

வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மெத்தப் பெரிய உபகாரம் டொக்டர். உது ஒரு புத்தகத்திலயும் இல்லை. நீங்கள் போனபடியாத்தான் தெரிஞ்சுது." சண்டை போட வந்த மனிதர் ஏதோ ஆராய்ச்சிக்கு உதவியவர் போலத் தலை நிமிர்ந்து, ஒரு ஜோடி சீலையும் வாங்கிக்கொண்டு போனார்.

கப்பல் அவருக்குக் கடலில் மட்டும் இல்லை. கல்யாண மண்டபத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். "மேளத்துக்குக் கிட்ட இருக்காதேயும் தம்பி, தியேட்டருக்கு மேல கபின் எடுத்த மாதிரி. சமையலறைக் கதவுக்குக் கிட்டவும் வேண்டாம், அது லிஃப்டுக்குப் பக்கத்துக் கபின். நடுவில இரும், ஆட்டம் குறைவு." கல்யாண மண்டபம் எப்போது ஆடியது என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கல்லாவில் இருப்பவர் அவருடைய மனைவி ராணி அக்கா. ராணி அக்காவுக்கு ஒரே ஆசை, நார்வே போய் அந்த மலையிடுக்குகளுக்குள் கப்பல் நுழைவதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் "இந்த முறை போறம்" என்று மாலுமி அண்ணை வரைபடத்தை விரிப்பார். அறை தேர்ந்தெடுப்பார். பிறகு அதைவிட நல்ல அறை ஒன்று கண்ணில் படும். அதைவிட நல்லது இன்னொன்று. அவர் முடிவெடுப்பதற்குள் கப்பலே நிறைந்துவிடும். ராணி அக்கா என்னிடம் சொல்வார்: "தம்பி, ஊரில இருக்கிற எல்லாரும் இந்த மனுசன் சொல்லிக் கப்பலில போயிட்டினம். நான் மட்டும் கல்லாவில நிக்கிறன்."

எங்கள் கல்யாண நாளுக்கு நானும் ரேவதியும் நார்வே போவதென்று முடிவு செய்தபோது, எங்களுக்கு அறை பார்த்தவரும் அவர்தான். கப்பலின் நடுப்பகுதி, கீழ்த் தளம், பால்கனி, மேலேயும் கீழேயும் வெறும் அறைகள், லிஃப்ட் தூரத்தில். அவர் வாழ்நாள் ஆராய்ச்சியின் சாரம் அந்த அறை. "இது ஆடவே ஆடாது தம்பி. தேத்தண்ணிக் கோப்பையை நிரப்பி வச்சிட்டு நித்திரை கொள்ளலாம்," என்றார்.

கல்லாவில் இருந்து ராணி அக்கா மெதுவாகக் கேட்டார்: "எந்தத் தேதிக் கப்பல், தம்பி?"

சொன்னேன். அடுத்த நாள் ராணி அக்கா கப்பல் நிறுவனத்துக்கு போன் போட்டு, அதே கப்பலில் இரண்டு பேருக்குப் பதிவு செய்துவிட்டார். அதுவும் எப்படி? 'கேரண்டி கபின்'. அதாவது, உங்களுக்கு ஒரு அறை உண்டு என்று மட்டும் உறுதி தருவார்கள். எந்த அறை என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது.

மாலுமி அண்ணைக்கு இதைச் சொன்ன அன்று கடையைப் பாதி நாளிலேயே பூட்டினார்கள். "கேரண்டி எண்டா என்ன கேரண்டி?" என்று என்னிடம் போனில் அழுதார். "எங்களுக்கு ஒரு கேரண்டியும் இல்லை எண்டதுதான் தம்பி கேரண்டி!"

"அக்காகிட்ட பேசிப் பாருங்களேன்."

"கதைச்சனான். 'நீங்கள் தெரிவு செய்தா நான் செத்தாப் பிறகுதான் கப்பல் ஏறுவன்' எண்டு சொல்லிப்போட்டா. அதில பிழையும் இல்லை."

சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில்தான் அறை எண் கைக்கு வந்தது. மாலுமி அண்ணை கோட்டுப் பையிலிருந்து வரைபடத்தை எடுத்தார். அவர் விரல் கப்பலின் நடுவில் தொடங்கியது. முன்பக்கமாக நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. கப்பலே முடிகிற இடத்தில் போய் நின்றது.

"மூக்கு!" என்றார். "மூக்கு நுனியில போட்டிருக்கிறாங்கள்! இன்சைட். கீழ தியேட்டர். பக்கத்து அறைக்குப் போற கதவு வேற உள்ளுக்கை இருக்கு. கடல் அடிச்சா முதல் அடி எங்களுக்குத்தான்." அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு மனைவியைப் பார்த்தார். "இஞ்சரும், நான் வரேல்லை. நீர் போயிட்டு வாரும்."

ராணி அக்கா கெஞ்சுவார் என்று நினைத்தேன். எங்கள் அறையை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்ல நானும் வாயெடுத்தேன். அக்கா என்னைக் கையால் தடுத்துவிட்டு அவரிடம் சொன்னார்: "சரி. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. பிரிட்ஜில ஆட்டிறைச்சிக் கறி சமைச்சு வச்சிருக்கிறன். வீட்டுத் திறப்புக் கொத்து உங்களிட்டத்தானே?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கறி சமைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்றால், இவர் இப்படிச் செய்வார் என்பது வீட்டிலேயே அவருக்குத் தெரியும். தனியாகவாவது போய் வருவதென்று முடிவு செய்துகொண்டுதான் பெட்டி கட்டியிருக்கிறார். ராணி அக்கா புதிய வெள்ளை ஷூவும் நீல ஜாக்கெட்டுமாகக் கப்பலை நோக்கி நடந்தார்.

மாலுமி அண்ணை பெட்டியின் மேல் இருந்தபடியே கேட்டார்: "தம்பி, அவ திரும்பிப் பாத்தவவோ?"

"இல்லண்ணே."

"ஒருக்கா?"

"பார்க்கலண்ணே."

அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கினார். இழுத்துப் போகிற சக்கரப் பெட்டியை, சக்கரம் இருப்பதே மறந்துபோய், தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "எக்ஸ்கியூஸ் மீ, மை வைஃப்! எக்ஸ்கியூஸ் மீ, மை வைஃப்!" என்று வரிசை முழுவதையும் பிளந்துகொண்டு ஓடினார். எனக்கும் ரேவதிக்கும் சிரிப்பதா கண்ணைத் துடைப்பதா என்று தெரியவில்லை.

அவர்களுடைய அறைக்கு நாங்களும் கூடப் போனோம். சின்ன அறைதான், ஆனால் சுத்தமாக இருந்தது. ஒரு சுவரில் அழகான நீலத் திரைச்சீலை தொங்கியது. மாலுமி அண்ணையின் முகம் மலர்ந்தது. "ஜன்னல் இருக்கு! பிளானில பிழை விட்டிருக்கிறாங்கள்!" என்று பாய்ந்து போய் விலக்கினார்.

உள்ளே சுவர்.

சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "ஜன்னல் இல்லாத இடத்தில சீலை," என்றார் கடைசியில். "என்ர தொழிலில இப்பிடியொரு மோசடியை நான் கண்டதில்லை." பிறகு கை தன்னாலே துணியின் ஓரத்தைப் புரட்டியது. உள் துணியைத் தடவியது. மடிப்பை எண்ணியது. "ஆனா தையல் நல்லா இருக்கு," என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் அந்தச் சீலையை விலக்குவதும், ராணி அக்கா படுத்தபடியே "வெளியில எப்பிடி?" என்று கேட்பதும், அவர் சுவரைப் பார்த்துவிட்டு "மப்பும் மந்தாரமுமா இருக்கு" என்று சொல்வதும், இருவரும் சிரிப்பதும் வழக்கமாயிற்று. இதை ராணி அக்காதான் சாப்பாட்டு மேசையில் ரேவதிக்குச் சொன்னார்.

வெளியே பார்த்தே தீரவேண்டிய நேரங்களில் மாலுமி அண்ணை எங்கள் அறைக்கு வந்தார். அது பெரும்பாலும் எல்லா நேரமும்தான். தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது வருவார். காப்பி குடிக்கும்போது வருவார். கல்யாண நாளன்று காலையில் நான் ரேவதியின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லத் தொடங்கும்போது கதவு தட்டப்பட்டது. "ஒண்டுமில்லை தம்பி, பால்கனிக் கதவு சத்தமில்லாமல் பூட்டுதோ எண்டு பாக்க வந்தனான்."

"நம்ம கல்யாண நாளா, இவரோட கல்யாண நாளான்னே தெரியல," என்றாள் ரேவதி, அவர் போன பிறகு.

அன்று மத்தியானம் வடகடல் குமுறத் தொடங்கியது. ஆடவே ஆடாத எங்கள் அறை ஆடியது. நானும் ரேவதியும் எழுந்திருக்கவே முடியாமல் சுருண்டோம். கப்பல் மூக்கில் இருப்பவர்கள் என்ன பாடு படுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, கதவைத் தட்டிக்கொண்டு மாலுமி அண்ணை வந்தார். கையில், வாந்திக்கு மருந்தாகக் கப்பலில் கொடுக்கும் பச்சை ஆப்பிளும் இஞ்சி பிஸ்கட்டும். முகத்தில் மத்தியானத் தூக்கத்தின் தடம்.

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா அண்ணே?"

"எங்களைத் தொட்டில்ல போட்டு ஆட்டினமாதிரி இருந்தது. ராணி இன்னும் நித்திரை." பெரிய குற்றவாளி போல நின்றார். அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கபினில ஒரு பிழையும் இல்லை தம்பி. எங்கயோ உம்மட வயித்திலதான் பிழை."

நான் அவரைத் திட்டியிருப்பேன், வாயைத் திறக்க முடிந்திருந்தால். ஆனால் அந்த மனிதர் போகவில்லை. எனக்கே என்னைத் தூக்க முடியாத நிலையில், ரேவதி வாந்தியெடுக்கும் ஒவ்வொரு முறையும் பையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வரும் பிள்ளை, வெக்கப்படாதேயும், வரட்டும்" என்று சொல்லிக்கொண்டு கடல் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு அவர் எப்போது கதவைத் தட்டினாலும் ரேவதியே எழுந்துபோய்த் திறந்தாள்.

அவர்கள் அறையின் நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மார்கரெட் என்ற வயதான ஆங்கிலேயப் பெண்மணி. ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது எங்கள் மேசைக்கு வந்து, நீங்கள்தானே பக்கத்து அறை என்று ராணி அக்காவிடம் கேட்டார். ராணி அக்கா நடுங்கிப்போனார். முந்தைய நாள் மாலை தலையணைக்காக இருவரும் போட்ட சண்டை தியேட்டர் வரைக்கும் கேட்டிருக்கும். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்.

மார்கரெட் அவசரமாகத் தடுத்தார். கணவர் இறந்த பிறகு தனியாக வருகிற முதல் பயணமாம் அது. அறையின் அமைதியை நினைத்துப் பயந்துகொண்டுதான் கப்பல் ஏறினாராம். நீங்கள் பேசுவது என்ன மொழி என்று தெரியாது, ஆனால் ஒரு கணவனும் மனைவியும் சண்டை போடுகிற சத்தம் எந்த மொழியிலும் தெரியும், தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

அவர் போனதும் மாலுமி அண்ணை ஆழ்ந்து யோசித்தார். "பாவம் மனுசி. இண்டைக்கும் ஒரு சண்டை பிடிக்கத்தான் வேணும். எதைப் பற்றிப் பிடிப்பம்?"

"அதுக்கு உங்களுக்குத் தலைப்பு வேற வேணுமே?" என்றார் ராணி அக்கா.

கப்பல் மலையிடுக்குக்குள் நுழைந்த காலையில், மாலுமி அண்ணை எங்கள் பால்கனியில் ராணி அக்காவுக்காக நாற்காலி போட்டுக் காத்திருந்தார். அக்கா வரவில்லை. தேடிப் போனோம். அறையிலிருந்து வெளியே வந்த அக்கா வழக்கம்போல வழி தெரியாமல் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறார். நடைபாதையின் முடிவில் ஒரு கனத்த இரும்புக் கதவு. தள்ளினால் திறக்கிறது. வெளியே, கப்பலின் மூக்கிலேயே, ஒரு சின்னத் திறந்த தளம். எங்கள் பால்கனியில் ஒரு பக்கத்து மலைதான் தெரியும். இங்கே இரண்டு பக்கத்து மலைகளும் நடுவில் வந்து சேருகிற தண்ணீரும் அருவிகளும் நேருக்கு நேர் வந்துகொண்டிருந்தன. ராணி அக்காவும் மார்கரெட்டும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு அங்கே நின்றிருந்தார்கள். வேறு ஒருவரும் இல்லை.

மாலுமி அண்ணை வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இதைப் பிளானில போடேல்லை," என்றார், குறை சொல்கிற குரலில்.

"மலையைப் பாருங்கோப்பா," என்றார் ராணி அக்கா. அவர் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு மலையைப் பார்த்தார்.

இப்போது கடையை மகள் நடத்துகிறாள். மாலுமி அண்ணை யோசனை சொல்வதை நிறுத்திவிட்டார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், உங்களுக்கு அவரைத் தெரியாது. "மூக்குக் கபின் எடுங்கோ" என்று இப்போது எல்லோரையும் மூக்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். அப்படிப் போய் வந்தவர்களில் பாதிப்பேர் அவரோடு பேசுவதில்லை.

சென்ற குளிர்காலத்தில் எனக்குப் பித்தப்பையில் ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்து வார்டில் கண் விழித்தபோது மாலையாகியிருந்தது. ரேவதி டீ வாங்கப் போயிருந்தாள். மாலுமி அண்ணை வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஒருபக்கம் குப்பைத்தொட்டி. ஆள் போக வர அதன் மூடி டமார் டமார் என்று விழுந்தது. திறக்கிற கதவு ஒவ்வொரு முறையும் அவருடைய முழங்காலில் இடித்தது. அந்த வார்டிலேயே அதைவிட மோசமான இடம் கிடையாது.

"அண்ணே, அங்க ஏன் உட்கார்ந்திருக்கீங்க?" என்றேன். "ஜன்னலோரமா நல்ல நாற்காலி சும்மா கிடக்கே."

"ஓம் தம்பி, வந்தவுடனை பாத்தனான்," என்றார். "அதில இருந்தா உம்மட முகம் தெரியாது."